டியூக்குகளும் பலூசிஸ்தான் வேட்டை நாயும்

கேள்வி இதுதான்: "ரீஜென்சி காதல் நாவல் என்றாலே இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் பிரபுக்கள், நடன விருந்து, கடைசியில் கல்யாணம். யார் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்பது பத்தாவது பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. நம்மை ஆண்டவர்களின் தாத்தாக்கள் காதலித்த கதையில் அப்படி என்ன இருக்கிறது? நன்றாக விஷயம் தெரிந்தவர்கள்கூட ஏன் இதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள்?"

திரும்பத் திரும்பப் படிக்கிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் பதில் சொல்லும் கடமை இருக்கிறது. முதல் புத்தகத்தை ஒரு வாடகை நூலகத்தில் எடுத்தேன். அட்டையைப் பார்த்தால் பஸ்ஸில் பிரிக்க முடியாது. பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அட்டை போட்டுக்கொண்டேன். உள்ளே போனால் அட்டைக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை. முந்நூறு பக்கம் இரண்டு பேர் வாய்ச்சண்டை போடுகிறார்கள். முத்தம் என்று பார்த்தால் கடைசிப் பக்கத்தில் ஒன்று, அதுவும் அவசரமாக. ஏமாந்திருக்க வேண்டும். மாறாக, மறுநாளே அடுத்த புத்தகத்துக்குப் போய் நின்றேன்.

இந்த வகையில் நூற்றுக்கணக்கான பேர் எழுதியிருக்கிறார்கள். நான் ஒரே ஒருவரை வைத்துப் பேசுகிறேன், ஏனென்றால் கடையைத் திறந்தவரே அவர்தான். ஜார்ஜெட் ஹேயர், 1902இல் விம்பிள்டனில் பிறந்தவர். உடம்பு சரியில்லாத தம்பிக்குப் பொழுதுபோகச் சொன்ன கதைதான் முதல் நாவலாகி 1921இல் வெளிவந்தது. 1974இல் இறக்கும் வரை ஐம்பதுக்கும் மேல் எழுதினார். பேட்டி கொடுக்கிற வழக்கமே இல்லை. 1935இல் முதல்முறையாக ரீஜென்சி காலத்தில் ஒரு காதல் கதையை நிறுத்தினார். இன்று திரையில் நீங்கள் பார்க்கிற டியூக்குகளும் (பிரபுக்களிலேயே உச்சப் பட்டம் அதுதான்) நடன அரங்குகளும் அந்த வாசல் வழியாக வந்தவைதான்.

ஜேன் ஆஸ்டின்தானே முன்னோடி என்று கேட்பீர்கள். பாதிதான் சரி. ஆஸ்டின் ரீஜென்சி காலத்திலேயே வாழ்ந்து, தன் சொந்தக் காலத்தைப் பற்றி எழுதினார், அதுவும் பெரும்பாலும் கிராமத்து நிலக்கிழார்களையும் பாதிரியார் குடும்பங்களையும் பற்றி. ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானம் உள்ள டார்சிகூட ('பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாயகன்) வெறும் 'மிஸ்டர்'தான், பட்டம் எதுவும் கிடையாது. ஹேயர் நூறு வருஷம் தள்ளி நின்று, நூலகத்தில் உட்கார்ந்து, அதே காலத்தின் மேல்தட்டைக் கட்டி எழுப்பினார்.

ரீஜென்சி என்பது கறாராகச் சொன்னால் ஒன்பது வருஷம்: 1811 முதல் 1820 வரை. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி பேதலித்துவிட, மூத்த மகன் அவருக்குப் பதிலாக ஆண்ட காலம். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ யுத்தம் நடந்ததும் அப்போதுதான். இந்தச் சின்னத் துண்டுக் காலத்தை ஏன் இத்தனை பேர் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்? என் கணிப்பு, அங்கே சட்டதிட்டங்கள் மிக அதிகம் என்பதால்தான்.

ஆல்மாக்ஸ் என்ற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் கிங் ஸ்ட்ரீட்டில் இருந்த நடன அரங்கு, புதன்கிழமை இரவுகளில் கூட்டம். சாப்பாடு என்று பார்த்தால் மெல்லிசாக வெட்டிய ரொட்டியும் வெண்ணெயும், எலுமிச்சைச் சாறு, காய்ந்த கேக். நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் இதைப் போட்டால் சம்பந்தி சண்டை வந்துவிடும். ஆனால் உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும், அதைக் கொடுப்பது ஆறேழு சீமாட்டிகள். பணம் இருந்தால் மட்டும் கிடைக்காது, பட்டம் இருந்தால் மட்டும்கூடக் கிடைக்காது. முழங்கால் வரை வரும் கால்சட்டைக்குப் பதில் நீளக் கால்சட்டை போட்டு வந்தார் என்று வெலிங்டன் டியூக்கையே வாசலோடு திருப்பி அனுப்பியதாக ஒரு கதை உண்டு. நெப்போலியனைத் தோற்கடித்தவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

இப்படி ஒரு சபையில் ஓர் ஆணும் பெண்ணும் மனம்விட்டுப் பேசவே முடியாது. தனியாக ஒரு அறையில் இருக்கக் கூடாது. ஒரே ஆளோடு இரண்டு தடவைக்கு மேல் ஆடினால் ஊர் பேசும். சம்பந்தமில்லாத ஆண் பெண்ணுக்குக் கடிதம் போட்டாலே நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது என்று அர்த்தம். மிச்சம் இருக்கிற ஒரே வழி பேச்சு, அதுவும் நாலு பேர் காதில் விழும்படி. மற்றவர்களுக்கு உபசார வார்த்தையாகவும் எதிரில் இருப்பவருக்கு மட்டும் வேறு ஒன்றாகவும் கேட்கிற மாதிரி பேசத் தெரிந்தாக வேண்டும். தமிழில் சமத்காரம் என்று ஒரு பழைய சொல் இருக்கிறதே, அதேதான். கட்டுப்பாடு இறுக இறுகச் சமத்காரத்துக்கு மதிப்புக் கூடுகிறது. எதையும் எப்படியும் சொல்லிவிடலாம் என்ற இடத்தில் இந்த வகைப் பேச்சுக்கு வேலையே இல்லை.

சரி, பேச்சு மட்டும் போதுமா? போதாது. இந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கல்யாணம் ஆன பெண்ணின் அசையும் சொத்து கணவனுடையதாகிவிடும், நிலபுலன் அவன் கைப்பிடிக்குள் போய்விடும். அவள் பெயரில் தனியாக எதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் கல்யாணத்துக்கு முன்பே வக்கீல் வைத்துப் பத்திரம் எழுத வேண்டும். சட்டம் 1870இலும் 1882இலும்தான் இளகியது. மறுகல்யாணம் செய்துகொள்ளும்படியான விவாகரத்து வேண்டுமென்றால் பார்லிமெண்டில் தனிச் சட்டமே போட வேண்டும். 1857 வரை அதுதான் நிலை. பட்டமும் பூர்வீக நிலமும் மூத்த மகனுக்கு; இளையவனுக்கு ராணுவம், தேவாலயம், இல்லாவிட்டால் பணக்காரப் பெண். 21 வயது ஆகாதவர்கள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கட்டிக்கொள்ள முடியாது என்று 1753இல் ஒரு சட்டம் வந்தது. அது ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. அதனால்தான் நாவல்களில் ஓடிப்போகிற ஜோடிகள் எல்லாம் எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீனுக்கு விழுந்தடித்து ஓடுகிறார்கள். லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல், குதிரை மாற்றி மாற்றி.

ஆக, ஒரு பெண் வாழ்நாளில் எடுக்கிற ஒரே பெரிய முடிவு இது. எடுத்தபின் திரும்ப வழியில்லை. சோறு, கூரை, பிள்ளைகளின் வாழ்வு எல்லாம் அந்த ஒரு ஆளின் குணத்தைப் பொறுத்தது. அந்த குணத்தை எடைபோட அவளுக்குக் கிடைப்பது சில நடனங்கள், பூங்காவில் ஒரு வண்டிச் சவாரி, சாப்பாட்டு மேஜையில் பத்து நிமிஷம். கிண்டல் செய்தால் முறைக்கிறானா, சிரிக்கிறானா? தப்பைச் சுட்டிக்காட்டினால் ஒத்துக்கொள்கிறானா? வாய்ச்சண்டை அவளுக்கு விளையாட்டும்தான், விசாரணையும்தான். இதெல்லாம் ஓர் ஐரோப்பிய வாசகருக்கு அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டியிருக்கலாம். பெண் பார்க்க வந்தவர்களிடம் காபித் தட்டை நீட்டிக்கொண்டே அரை நிமிஷத்தில் ஓர் ஆளை அளந்துவிடப் பார்த்த அத்தைகளும் சித்திகளும் இருக்கிற குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

பொதுவாகப் பேசியது போதும், ஒரு காட்சியைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். 1965இல் வந்த 'ஃபிரெடெரிகா'. ஆல்வர்ஸ்டோக் ஒரு மார்க்வெஸ், அதாவது டியூக்குக்கு ஒரு படி கீழே. வயது 37, பணம் ஏராளம், வாழ்க்கை மகா சலிப்பு. அக்கா தன் பெண்ணுக்காக ஒரு நடன விருந்து வைக்கச் சொல்லி உயிரை வாங்குகிறாள். அப்போது தூரத்துச் சொந்தம் என்று உறவு கொண்டாடிக்கொண்டு 24 வயது ஃபிரெடெரிகா வந்து நிற்கிறாள். அப்பா அம்மா இல்லை; தம்பி தங்கைகளை அவள்தான் வளர்க்கிறாள். தனக்குக் கல்யாண வயது தாண்டிவிட்டது என்று அவளே முடிவு கட்டியாகிவிட்டது. அழகான தங்கைக்கு ஒரு நல்ல இடம் அமைந்தால் போதும். மார்க்வெஸ் ஒத்துக்கொள்கிறார். இரக்கத்தால் என்று நினைக்காதீர்கள்: அவ்வளவு அழகான பெண் வந்து நின்றால் தன் அக்காவின் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கும் குறும்பு.

அந்த வீட்டில் லஃப்ரா என்று ஒரு நாய் உண்டு. கலப்பு இனம், நல்ல பெரிய உருப்படி, கிராமத்தில் வளர்ந்தது. லண்டன் கிரீன் பார்க்கில் அப்போது பால்மாடுகள் மேயும். அங்கேயே கறந்து விற்பார்கள். ஃபிரெடெரிகா நாயை உலாவ அழைத்துப் போகிறாள். நாய் மாடுகளைப் பார்க்கிறது. மேற்கொண்டு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். மாடு மேய்ப்பவர், பூங்காக் காவலர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டதும், இது சாதாரண நாய் இல்லை, ஆல்வர்ஸ்டோக் பிரபுவுக்குச் சொந்தமான உயர்ந்த ஜாதி நாய் என்று கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிடுகிறாள். ஊர்வலம் அப்படியே பிரபுவின் வீட்டு வாசலுக்கு வருகிறது. அவருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. ஆனால் கண் இமைக்காமல், தலைமுறை தலைமுறையாகப் பிரபுவாக இருந்தவர்களுக்கே வருகிற அந்த அலட்சியத்தோடு, பொய்யை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்கிறார். கலப்பு நாய் 'பலூசிஸ்தான் வேட்டை நாய்' ஆகிவிடுகிறது. இனத்தின் பெயரைக் கேட்டதும் எதிராளிகளுக்குப் பேச்சு எழவில்லை.

இதில் காதல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், எல்லாமே காதல்தான் என்பேன். அவர் அவளைத் தொடவில்லை, ஒரு இனிய வார்த்தை சொல்லவில்லை. ஆனால் இதுவரை யாருக்காகவும் நாற்காலியை விட்டு எழுந்திராத ஒருவர், ஒரு நாய்க்காகப் புளுகுகிறார், சலிப்பு கலைகிறது. அவளுக்கோ, முதல்முறையாகப் பாரத்தை ஒரு நிமிஷம் இன்னொருவர் கையில் கொடுக்க முடிந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் இது தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். அந்த இடைவெளியில்தான் இந்தக் கதைகளின் இன்பமே இருக்கிறது.

'வெனிஷியா'வில் (1958) வேறு விதம். யார்க்ஷயர் கிராமத்தில் பிளாக்பெரி பறித்துக்கொண்டிருக்கும் 25 வயதுப் பெண்ணை, கெட்ட பெயரெடுத்த பக்கத்து எஸ்டேட் பிரபு கண்டபடி முத்தமிட்டுவிடுகிறான். கன்னத்தில் ஓர் அறை, அழுகை, ஓட்டம் என்று எதிர்பார்ப்போம். அவள் கோபப்படுகிறாள், ஆனால் அவன் வாயிலிருந்து விழுந்த கவிதை வரி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சண்டைக்கு நடுவே மேற்கோள்கள் பறக்கின்றன. அன்று முதல் அவர்களைச் சேர்த்துவைப்பது இருவருக்கும் ஒரே இடத்தில் சிரிப்பு வருகிறது என்ற ஒரே விஷயம். அந்த முத்தம் இன்றைக்கு உறுத்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் அப்புறம் வருகிற உரையாடல்களுக்காக நான் அந்தப் புத்தகத்தை மூன்று முறை படித்திருக்கிறேன்.

போகிற போக்கில் ஒன்று. இந்த நாவல்களில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பெரிய சம்பவம். வீட்டின் மூத்த பெண் என்றால் 'மிஸ்' என்று குடும்பப் பெயர் மட்டும்; தங்கைகளுக்கு அவரவர் பெயரும் சேரும். டியூக்குக்கு ஒரு விளி, மற்றப் பிரபுக்களுக்கு வேறு. முந்நூறு பக்கம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று முதல் பெயரைச் சொல்லிவிட்டால் அறையில் காற்று நின்றுவிடும். ஆங்கிலத்தில் 'நீ'யும் 'நீங்கள்'ளும் ஒன்றே என்பதால் அவர்களுக்குப் பெயரை விட்டால் கதியில்லை. இவற்றைத் தமிழாக்க யாராவது உட்கார்ந்தால், 'நீங்கள்' எந்தப் பக்கத்தில் 'நீ' ஆகிறது என்பதை முடிவு செய்வதற்கே ஒரு மாதம் போகும்.

மொழி என்றதும் கொச்சையைச் சொல்லாமல் விட முடியாது. ஹேயர் அந்தக் காலத்துக் கடிதங்கள், நாட்குறிப்புகள், குத்துச்சண்டைக் கட்டுரைகள், திருடர் பாஷை அகராதிகள் எல்லாவற்றையும் தோண்டிக் குறிப்பெடுத்து வைத்தவர். 1785இல் கேப்டன் குரோஸ் என்பவர் தொகுத்த கொச்சை அகராதியில் கல்யாணத்துக்கு 'பாதிரியாரின் எலிப்பொறி' என்று பெயர். அந்த மாதிரிச் சொற்களைச் சரியான வாயில் சரியான நேரத்தில் வைப்பார். இளவட்டங்கள் ஒரு விதமாக, பாட்டிகள் ஒரு விதமாக, குதிரைக்காரர்கள் ஒரு விதமாகப் பேசுவார்கள். பெயர் போடாமலே யார் பேசுகிறார் என்று தெரியும். பின்னால் வந்தவர்கள் பலர் கவுனையும் டியூக்கையும் எடுத்துக்கொண்டு, பேச்சைக் கூர்ந்து கேட்கும் இந்தக் காதுகளை விட்டுவிட்டார்கள். அதனால்தான் அவர்களுடைய பாத்திரங்கள் வேஷம் போட்டுக்கொண்டு இன்றைய பேச்சைப் பேசுகிறார்கள்.

சாமர்த்தியமான பேச்சு என்றால் நாயகன் எப்போதும் மேதாவியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. 'கோட்டில்லியன்' (1953) என்ற நாவலில் ஃபிரெடி என்று ஒருவன். படிப்பு ஏறாது, நீளமாக ஒரு வாக்கியம் வராது; கோட்டின் தையல், கழுத்துத் துணியின் மடிப்பு, எந்த இடத்தில் எப்படி நடந்துகொள்வது, இவை மட்டும் அத்துப்படி. பக்கத்திலேயே ஜாக் என்று ஓர் அழகன், வாயாடி, வழக்கமான கதாநாயகனுக்கான எல்லா லட்சணமும் உள்ளவன். ஹேயர் நம்மை ஜாக்கைப் பார்க்க வைத்துவிட்டு, ஒவ்வொரு இக்கட்டிலும் காரியத்தை முடிப்பது ஃபிரெடிதான் என்று மெல்ல மெல்லக் காட்டுகிறார். கடைசியில் ஃபிரெடி ஜாக்கை ஒரே குத்தில் கீழே தள்ளுகிறான். தன் வகைக் கதையையே கிண்டல் செய்து எழுதிய காதல் கதை அது.

கணக்கு நோட்டு வெளிப்படையாக மேஜைமேல் கிடப்பது 'எ சிவில் கான்ட்ராக்ட்' (1961) நாவலில். போரிலிருந்து திரும்பும் ஆடம் என்ற இளம் பிரபுவுக்கு அப்பா விட்டுப்போனது பட்டமும் கடனும். காதலியை விட்டுவிட்டு, லண்டன் வியாபாரி ஒருவரின் மகள் ஜென்னியைக் கட்டிக்கொள்கிறான். அவள் அழகி இல்லை, அது அவளுக்கே தெரியும். மாமனாரோ அன்பைப் பணமாகவே கொட்டத் தெரிந்தவர். ஒவ்வொரு பரிசும் மருமகனுக்கு முள்ளாகக் குத்துகிறது. வாட்டர்லூ நேரத்தில் லண்டன் பங்குச் சந்தை நடுங்கும்போது ஆடம் எடுக்கும் ஒரு முடிவு வரை கதை பணத்தைச் சுற்றித்தான். முடிவில் கிடைப்பது பெரும் காதல் இல்லை. அவனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்த ஒருத்தி வீட்டில் இருக்கிறாள், அவ்வளவுதான். சிலருக்கு அது ஏமாற்றம். எனக்கு அவர் எழுதியதிலேயே நேர்மையான புத்தகம் அது.

'நம்மை ஆண்டவர்களின் தாத்தாக்கள்' என்ற குத்தலுக்கு வருகிறேன். நியாயமான குத்தல். அந்தச் சீமாட்டிகள் போர்த்திய சால்வை காஷ்மீரிலிருந்து, மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர்போனது வங்காளம். வெலிங்டன் பேர் வாங்கியதே 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோதும் அதற்குப் பின்னும் இந்தியாவில் நடத்திய போர்களில்தான். கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பில் நின்ற மாளிகைகளும் உண்டு; பிரிட்டன் அடிமை வியாபாரத்தை 1807இல் நிறுத்தியது, அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் 1833இல்தான் வந்தது. 1819இல் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடியவர்கள் மேல் குதிரைப்படையை ஏவினார்கள், பதினைந்து பேராவது செத்தார்கள். ஹேயரின் நடன அரங்குகளில் இந்தச் சத்தம் கேட்பதே இல்லை. 'தி கிராண்ட் சோஃபி'யில் யூத லேவாதேவிக்காரர் வரும் காட்சி அப்பட்டமான இனவெறுப்பு. 1950இல், யூதப் படுகொலை நடந்து ஐந்தே வருஷத்தில் அப்படி எழுதியதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை. நல்ல புத்தகத்தின் நடுவில் அந்தப் பக்கங்கள் கல்லாகக் கடிபடுகின்றன.

டியூக்குகளின் எண்ணிக்கையும் வேடிக்கைதான். அந்தக் காலத்தில் நாடு முழுக்க, அரச குடும்பத்தை விட்டுவிட்டால், சுமார் முப்பது டியூக்குகள்தான். இன்று வருகிற நாவல்களில் ஒரே தெருவில் அத்தனை பேர், எல்லாரும் முப்பது வயது, எல்லாருக்கும் பல் முழுசாக இருக்கிறது. ஹேயர் இந்த விஷயத்தில் சிக்கனம். அவருடைய நாயகர்கள் பலர் டியூக்குக்குக் கீழ்ப்பட்ட வைகவுண்ட், ஏர்ல், சிலருக்குப் பட்டமே இல்லை.

முடிவு முன்பே தெரிந்துவிடுகிறதே என்ற புகாருக்கு ஒரு பழைய கடிதம்தான் என் பதில். ஹேயர் 1944இல் எழுதிய 'ஃபிரைடேஸ் சைல்ட்', காதலி மறுத்துவிட்ட கோபத்தில், கண்ணில் படும் முதல் பெண்ணைக் கட்டுவேன் என்று கிளம்பும் ஓர் அசட்டு வைகவுண்டின் கதை. ருமேனியாவில் 12 ஆண்டுகள் அரசியல் கைதியாக இருந்த ஒரு பெண் பின்னாளில் ஹேயருக்கு எழுதினார்: சிறையில் புத்தகம் இல்லை, ஆனால் இந்தக் கதை நினைவில் இருந்தது, அதைச் சொல்லிச் சொல்லித்தான் தானும் கூட இருந்தவர்களும் மனம் தளராமல் இருந்தோம் என்று. முதல் தடவை சொன்னபோதே முடிவு தெரிந்துபோன கதைதான் அதுவும்.

எங்கே ஆரம்பிப்பது? 'கோட்டில்லியன்' வேண்டாம், அந்தக் கிண்டல் புரிய இரண்டு மூன்றாவது படித்திருக்க வேண்டும். 'ஃபிரெடெரிகா'வை எடுங்கள். ஆரம்பத்தில் அக்காமார்கள், ஒன்றுவிட்ட சொந்தங்கள், பட்டங்கள் எல்லாம் தலைசுற்றும். யார் யாருக்கு என்ன உறவு என்று கவலைப்படாமல், பெரிய கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி நடந்து போய்க்கொண்டே இருங்கள். பால்மாடுகள் வரும் வரையாவது படித்துவிட்டு, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் வந்து என்னைத் திட்டுங்கள்.